நாடு வளர்வதை எப்படி எண்ணுகிறார்கள்?

1901 முதலான இந்திய மக்கள்தொகை அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில்தான் எண்ணிக்கை இறங்குகிறது. 1911-இல் 25.21 கோடி, 1921-இல் 25.13 கோடி. இடையில் வந்தது 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை அது பலிகொண்டது. பத்து வருடப் பிறப்புகள் எல்லாம் சேர்ந்தும் அந்தப் பள்ளம் நிரம்பவில்லை. 1921-ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. பக்கத்தில் 1911-ஐ வைத்தால்தான் அந்த எண் பேச ஆரம்பிக்கிறது.

அப்படி ஒப்பிட வேண்டுமானால், எண்ணுகிற நேரம் துல்லியமாக இருக்க வேண்டும். 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஆனால் கணக்கு நின்றது மார்ச் 1 பிறந்த நள்ளிரவில். வீடற்றவர்களைப் பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். அப்புறம் மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் ஒரு சுற்று. முதல் முறை வந்துபோன பிறகு, நள்ளிரவுக்கு முன் குழந்தை பிறந்திருந்தால் சேர்ப்பார்கள். யாராவது இறந்திருந்தால் அடித்துவிடுவார்கள்.

நிலப்பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் 1941-இல் சுமார் 39 கோடிப் பேர். இன்றைய எல்லைக்குள் அடங்கும் பகுதிகளை மட்டும் கூட்டினால் 31.87 கோடி. 1951-இன் 36.11 கோடியோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான்.

சரி, வளர்ச்சி? 1961-71-இல் அது 24.8 சதவீதம், அந்த நூற்றாண்டின் உச்சம். மக்கள் திடீரென்று அதிகக் குழந்தைகள் பெற்றதால் வந்த உச்சம் அல்ல அது. மலேரியாவும் அம்மையும் காலராவும் கட்டுக்குள் வரவர, இறப்பு வேகமாகக் குறைந்தது. பிறப்பு குறையப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளிதான் கூட்டத்தைப் பெருக்கியது. பிறப்பும் இறங்கத் தொடங்கியபின், 2001-11-இல் வளர்ச்சி 17.7 சதவீதமாகக் குறைந்தது. இதைப் பத்தால் வகுத்து, ஆண்டுக்கு 1.77 என்று சொல்லிவிடக் கூடாது. வட்டிக்கு வட்டி போல, சேர்ந்தவர்களும் சேர்ந்து வளர்கிறார்கள். சரியான ஆண்டு விகிதம் சுமார் 1.64 சதவீதம்.

என்னைக் கேட்டால், மொத்த எண்ணைவிட வயது அட்டவணைதான் பெரிய புதையல். 2001-இல் 10 முதல் 14 வயதில் இருந்தவர்கள் 2011-இல் 20 முதல் 24 வயதில் இருப்பார்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறப்பும், உள்ளே வந்தவர்கள் வெளியே போனவர்கள் கணக்கும்.

ஆனால் வயது அவ்வளவு சுத்தமாகக் கிடைப்பதில்லை. "பாட்டிக்கு என்ன வயசு?" என்று கேட்டால், "ஒரு அறுபது இருக்கும்" என்பார்கள். இப்படியே நாடு முழுக்கச் சேர்ந்து, அட்டவணையில் 30, 40, 50, 60 எல்லாம் கோபுரமாக நிற்கும். 29-உம் 31-உம் பள்ளமாகக் கிடக்கும். ஐந்து ஐந்து வயதாகச் சேர்த்துப் பார்த்தால் இது ஓரளவு சமன்படும். பத்தாண்டு இடைவெளியும் உதவுகிறது: 30-இல் குவிந்தவர்கள் அடுத்த முறை 40-இல் குவிவார்கள், கோபுரத்துக்கு நேரே கோபுரம் வரும்.

2021 கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போனதால், அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இடைவெளி 16 ஆண்டுகள். 2011-இல் 30 என்று எழுதப்பட்டவர்களை 46-இல் தேட வேண்டும். அதாவது கோபுரத்துக்கு நேரே பள்ளம். ஐந்து வயதுத் தொகுப்புகளும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது. இதனால் இம்முறை ஒவ்வொரு தனி வயதும் முக்கியம். கணக்கெடுப்பாளர் வரும்போது உத்தேசமாகச் சொல்லாமல், பிறந்த தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.