சொக்கொபோ: ஊர்கோழியா, ஊர்க்கோழியா?

போன மாதம் ஒரு சாயங்காலம் பெருமாள்புரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மகன் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கன்ட்ரோலரை உருட்டிக்கொண்டிருந்தவன், "பெரியப்பா, இங்க வாங்க, கோழி மேல ஏறிப் போறாம் பாருங்க" என்று கூப்பிட்டான். எட்டிப் பார்த்தால் மஞ்சமசேலென்று ஒரு பறவை, கோழிக்குஞ்சைக் குதிரை அளவுக்கு ஊதிவிட்ட மாதிரி, கழுத்து மட்டும் நெடுக வளர்ந்து, முதுகில் சேணம், அலகில் கடிவாளம், மேலே வாள் கட்டிய ஒருத்தன். பேர் என்னலே என்றேன். "சொக்கொபோ." உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த எங்கள் அம்மா அங்கிருந்தே, "சொக்கப்பனையா? கார்த்திகைக்கு இன்னும் நாள் கிடக்கே" என்றாள்.

அப்புறம் அவன் கேட்டான்: "தமிழ்ல இதுக்கு என்ன பெரியப்பா?" அந்தக் கேள்விதான் இந்த ஒரு மாதமாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

முதலில் பேரின் கதை. சொக்கொபோ என்பது ஃபைனல் ஃபேண்டஸி என்ற ஜப்பானிய விளையாட்டு வரிசையில் வரும் சவாரிப் பறவை. 1988இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் முதலில் தலைகாட்டியது. உருவாக்கியவர் கொயிச்சி இஷி. அந்த விளையாட்டில் ஒரே ஒரு காட்டுக்குள் போனால்தான் இந்தப் பறவை கிடைக்கும். ஏறிக்கொண்டால் வழியில் எந்தப் பகைவனும் மறிக்க மாட்டான், போகிற இடம்வரை நிம்மதியாகப் போகலாம், ஆனால் இறங்கிய மறு நிமிடம் அது பாட்டுக்கு ஓடிப்போய்விடும். ஷேர் ஆட்டோ மாதிரி என்று தம்பி மகனிடம் சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பேர் வந்தது ஒரு மிட்டாயிலிருந்து. ஜப்பானில் மொரினாகா கம்பெனி சொக்கொபோல் என்று சாக்லேட் உருண்டை விற்கிறது, 1960களிலிருந்தே கடைகளில் உண்டு, டப்பாவில் கியோரோ என்கிற பெரிய அலகுப் பறவைதான் சின்னம். ஜப்பானிய மொழியில் சொல் 'ல்' என்று முடியாது, 'பால்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'போரு' ஆகிவிடும். ஆக சொக்கொபோரு. வாலில் இருக்கிற 'ரு'வை வெட்டினால் சொக்கொபோ. அந்த மிட்டாய் விளம்பரத்தில் பறவை 'குவே குவே' என்று கத்தும், விளையாட்டில் இதுவும் அப்படியே 'குவே' என்றுதான் கத்துகிறது. ஆக, இந்தப் பேருக்குள்ளே பறவை என்ற பொருளே கிடையாது, சாக்லேட்டும் பந்தும்தான் இருக்கின்றன, அதிலும் பந்து பாதிதான். இப்படிப்பட்ட பேரை மொழிபெயர்க்க உட்காருவது வெட்டி வேலை. வேண்டுமானால் கடலைமிட்டாயை வெட்டிக் 'கடலைமி' என்று வைக்கலாம், கோவில்பட்டிக்காரர்கள் கோபிக்க மாட்டார்கள்.

பேரைத் தமிழில் எழுதுவதிலாவது கொஞ்சம் யோசனை வேண்டும். சிலர் 'சோகோபோ' என்று எழுதுகிறார்கள். தமிழில் உயிருக்கு நடுவே ஒற்றைக் க வந்தால் அது மெலிந்துவிடும், 'சோகம்' என்பதில் வருகிற க அதுதான், பறவை துக்கம் கேட்கப் போகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் க்க வேண்டும். ஆனால் ப-வை இரட்டிக்கக் கூடாது, 'சொக்கொப்போ' என்றால் அப்பளம் மாதிரி அழுத்தி வரும், ஒற்றைப் ப-வே நடுவில் நின்றால் தானாகக் குழைந்து ஜப்பானியர் சொல்கிற ஒலிக்கு வந்துவிடும். முதல் எழுத்துத்தான் தொல்லை. சோறு என்று நாம் சொல்லும்போது வருகிற மெல்லிய ச இல்லை இது, சாக்லேட் என்பதில் வருகிற அழுத்தமான ச. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ச-தான். பரவாயில்லை, சாக்லேட்டைச் சரியாகச் சொல்கிற ஊர் இதையும் சொல்லிவிடும்.

சரி, பேர் அப்படியே இருக்கட்டும். ஆனால் பையன் கேட்டது பேரை அல்ல, இனத்தை. ஏறிப் போகிற பெரிய பறவை, அதற்குப் பொதுச்சொல் என்ன? இங்கேதான் தமிழ் கையை விரிக்கவில்லை, அள்ளித்தான் கொடுக்கிறது, எதை எடுப்பது என்பதுதான் பாடு.

நமக்கு முதலில் வாயில் வருவது வாகனம். திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பறவை மேல் ஏறிப் போவது ஒன்றும் அதிசயமில்லை. வைகாசியில் ஆழ்வார்திருநகரிக்குப் போய்ப் பாருங்கள், நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் ஒன்பது கருடன் மேல் ஒரே ராத்திரியில் வருவார்கள், நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் எதிரே வருவார். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். தீவட்டி வெளிச்சத்தில் கருடனின் மூக்கும் விரித்த இறக்கையும்தான் முதலில் தெரியும், அப்புறம்தான் பெருமாள். நான் அப்பாவிடம், கருடன் இறக்கையை அடிக்கவே மாட்டேங்குதே என்று கேட்டிருக்கிறேன், அவர், கீழே பாரு, எத்தனை கால் இருக்குன்னு என்றார். தண்டியத்துக்குக் கீழே வேர்த்துப்போய் நின்ற ஆட்களின் கால்கள். கிருஷ்ணாபுரம் கோயிலில் ரதி அன்னத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற சிலையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. திருச்செந்தூரில் மயில். ஆக வாகனம் என்றால் நமக்குப் பொருள் பழுதில்லாமல் புரிகிறது. குறை ஒன்றுதான்: அது வடசொல், சுமப்பது என்ற வேரிலிருந்து வந்தது. இன்னொரு குறை, இன்றைக்கு வாகனம் என்றால் ஹெல்மெட்டும் இன்சூரன்சும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

தமிழில் இதற்கு ஊர்தி. ஊர்தல் என்றால் ஏறிச் செல்லுதல். புறநானூற்றின் கடவுள் வாழ்த்திலேயே 'ஊர்தி வால்வெள் ஏறே' என்று சிவனுடைய வெள்ளைக் காளையைச் சொல்கிறது. 56ஆம் பாட்டு, பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடியது, அதில் முருகனை 'பிணிமுக ஊர்தி' உடையவன் என்கிறார். இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பாட்டில் மயில் கொடியில்தான் இருக்கிறது, ஏறிப் போவது பிணிமுகம். பிணிமுகம் என்பது யானை என்றும் மயில் என்றும் உரைகாரர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யானை என்று கொண்டால், சங்கப் புலவர் கண்ணுக்கு முருகன் அப்போது இன்னும் பறவை மேல் ஏறவில்லை. எனக்கு யானைக் கட்சிதான் சரியென்று படுகிறது, ஒரே பாட்டில் கொடியும் மயில், ஊர்தியும் மயில் என்றால் நக்கீரர் அதை இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த ஊர்தல் என்ற வினைக்குக் கீழே இருப்பது என்ன என்ற கவலையே கிடையாது. குறளில் சிவிகையை ஊர்கிறான், 'பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை'. குறுந்தொகையில் 'மா என மடலும் ஊர்ப', காதலித்த பெண் கிடைக்காவிட்டால் பனைமடலில் குதிரை செய்து அதன் மேல் ஏறித் தெருவில் வருவான், தலையில் எருக்கம்பூ வேறு. பனங்காட்டு ஊர்க்காரன் என்பதால் எனக்கு இந்தப் பாட்டு வந்தால் முதலில் தோன்றுவது அந்தக் கருக்குத்தான், பனைமட்டை ஓரத்தில் ரம்பம் மாதிரி இருக்குமே, அதன் மேல் உட்காருவதாவது. குதிரை, காளை, பல்லக்கு, பனைமடல் எல்லாவற்றையும் ஊர்ந்தவர்கள் ஒரு மஞ்சள் பறவையை ஊர மாட்டார்களா.

அப்போது புள்ளூர்தி என்று சொல்லிவிடலாமே என்றால், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார். புள்ளை ஊர்பவன், அதாவது திருமால். மயிலூர்தி என்றால் முருகன், அன்னவூர்தி என்றால் பிரமன். இந்தச் சொற்கள் எல்லாம் பறவையைக் குறிக்காமல் மேலே உட்கார்ந்திருப்பவரைக் குறிக்கின்றன. வாள் கட்டிய அந்தப் பையனை வேண்டுமானால் புள்ளூர்தி என்று சொல்லலாம். தவிர ஊர்தி என்றால் இன்றைக்கு ஜனங்கள் காதில் விழுவது இரண்டே இரண்டு: குடியரசு தின அலங்கார ஊர்தி, அப்புறம் அமரர் ஊர்தி. பையன் ஆசையாக விளையாடுகிற இடத்தில் இரண்டாவதைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை.

பறவைக்கு வருவோம். புள்ளா, பறவையா, கோழியா? பையன் பார்த்த மாத்திரத்தில் கோழி என்றான். அவன் சொன்னதுதான் தமிழ் வழக்கம். பறக்காமல் தரையில் ஓடுகிற பெரிய பறவை எது வந்தாலும் நாம் கோழிக்குள் அடக்கிவிடுகிறோம். அமெரிக்காவிலிருந்து வந்தது வான்கோழி ஆனது. ஆப்பிரிக்கப் பறவை தீக்கோழி ஆனது, நெருப்புக்கோழி என்றும் சொல்வார்கள், கல்லை விழுங்குகிற பறவை நெருப்பையும் விழுங்கும் என்று ஒரு பேச்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது ஈமு கோழி, 2012 வாக்கில் கொங்குப் பக்கம் அந்த வளர்ப்புத் திட்டங்கள் கவிழ்ந்து பணம் போட்டவர்கள் தலையில் கை வைத்தபோது இங்கேயும் நாலு பேருக்கு அடி விழுந்தது. தீக்கோழி இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரும், நூறு கிலோவுக்கு மேல் எடை, மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடும், தென்னாப்பிரிக்காவில் அதன் மேல் ஆள் ஏறி ஓட்டிய கதை நிஜமே. சொக்கொபோவுக்கு உடம்பு தீக்கோழி, மூஞ்சி மட்டும் குஞ்சு. சில பாகங்களில் கறுப்புச் சொக்கொபோ பறக்கவும் செய்யும், ஆனால் ஊரெல்லாம் தெரிந்த மஞ்சள் பறவை ஓடுவதுதான். அதனால் கோழி என்பது சரியான சொல். புள் பாட்டுக்கு நல்லது, கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் பூநாரையும் வந்து இறங்கும்போது புள்ளினம் என்று சொல்ல நன்றாக இருக்கும், கடிவாளம் போட்ட பறவைக்கு ஒட்டாது.

1997இல் வந்த ஏழாம் பாகத்தில் சொக்கொபோவைப் பிடித்து, கீரை கொடுத்துப் பழக்கி, பந்தயத்தில் ஓடவிட்டு, சோடி சேர்த்துக் குஞ்சு எடுக்கலாம். அந்தக் கீரைகளில் ஒன்றுக்குக் கிசால் என்று பேர். பச்சை நிறக் குஞ்சு மலை ஏறும், நீலம் ஆற்றைக் கடக்கும், இரண்டையும் சேர்த்தால் கறுப்பு, அதற்கும் மேலே பொன்னிறம், அது கடலையே தாண்டும். இதைப் படித்தபோது எனக்கு ஒட்டப்பிடாரம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம்தான் கண்ணில் வந்தது. சுழி பார்த்து, தாய்மாடு யாருடையது என்று விசாரித்து, பருத்திக்கொட்டை வைத்து வளர்க்கிற அதே பைத்தியம். அந்தப் பந்தயத்தில் சின்ன மாட்டுப் பிரிவுக்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற பேர் பூஞ்சிட்டு. நாம் மாட்டுக்குக் குருவிப் பேர் வைத்து ஓட்டுகிறோம், அவர்கள் பறவைக்கே சேணம் கட்டிவிட்டார்கள்.

ஆக ஊர்தல், கோழி. இரண்டையும் சேர்த்தால் ஊர்கோழி. இதற்குத்தான் என் ஓட்டு, ஆனால் நடுவில் க் போடவே கூடாது. இது வினைத்தொகை, ஊர்ந்த கோழி, ஊர்கிற கோழி, ஊரும் கோழி மூன்றும் இதற்குள் அடக்கம், கோழி ஊர்வதில்லை, நாம் அதை ஊர்கிறோம் என்று பொருள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஊறுகாயை யாரும் ஊறுக்காய் என்று எழுதுவதில்லை அல்லவா, அதே கணக்கு. க் போட்டுவிட்டால் ஊர்க்கோழி, ஊருக்குள் திரிகிற கோழி, ஊர்க்குருவி மாதிரி. ஒரு புள்ளி எழுத்தில் குதிரை அளவுப் பறவை குப்பைமேட்டைக் கிளறப் போய்விடும்.

இதற்கும் ஒரு எதிர்ப்பு உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். ஊர்தல் என்றால் இன்றைக்கு எறும்பு ஊர்வதுதான், பாடப்புத்தகத்தில் ஊர்வன என்றால் பாம்பும் பல்லியும். தம்பி மகன் இடையில் ஒரு நாள் சொன்ன சவாரிக்கோழி காதுக்கு உடனே பிடிபடுகிறது, விளக்கமே வேண்டாம். சவாரி பாரசீகம் என்றாலும் மாட்டுவண்டிக்காரனிலிருந்து ஆட்டோக்காரன்வரை புழங்கிய சொல். பேச்சில் அதுவே இருக்கட்டும். எழுத்துக்கு, விளையாட்டை யாராவது தமிழ்ப்படுத்தினால் அந்தத் திரையில் போட, ஊர்கோழி. ஏறுவதற்கு 'ஏறு', இறங்குவதற்கு 'இறங்கு', அதற்கெல்லாம் மண்டையை உடைக்க வேண்டாம்.

ஒருவழியாக முடிவு பண்ணி, நேற்று ராத்திரி பையனுக்கு வாட்ஸப்பில் 'ஊர்கோழி' என்று ஒற்றைச் சொல்லைத் தட்டி அனுப்பினேன். கண்ணாடி போடாமல் தட்டியதால் போன் தானாக ஒரு க்-கைச் செருகியதைக் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "நாட்டுக்கோழியா பெரியப்பா? ஞாயித்துக்கிழமைக்கா? அம்மா எத்தனை கிலோன்னு கேக்கா."