ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடிக்காதீர்கள்

கால்நடை மருத்துவம் பார்க்கப் போகும் பட்டிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஆட்டுப்பாலைக் காய்ச்சினா சத்து போயிடும்." சளிக்கு, வயிற்றுப்புண்ணுக்கு, டெங்கு வந்தால் தட்டணுக்கள் ஏறுவதற்கு என்று கறந்த சூட்டோடு குடிக்கிறார்கள். டெங்குவை ஆட்டுப்பால் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பச்சைப்பாலால் வரும் நோய்க்கோ நூறு வருடங்களுக்கு மேலாக ஆதாரம் இருக்கிறது.

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு விடாத காய்ச்சல் வாட்டியது. இறந்தவர்களின் மண்ணீரலில் இருந்த கிருமியை ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் கண்டறிந்து 1887-ல் வெளியிட்டார். அது எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பது மட்டும் புரியவில்லை. 1905-ல் மால்டாவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித், தீவின் ஆடுகளைச் சோதித்தார். பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருந்த ஆடுகளிடமே அந்தக் கிருமி இருந்தது. அடுத்த வருடம் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் மளமளவென்று குறைந்தது.

அந்த நோய்தான் புரூசெல்லோசிஸ். "ஆடு நல்லா மேயுது, பாலும் குறையல, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களிடம் நான் மால்டாவைத்தான் சொல்கிறேன். ஆட்டின் தோற்றத்தை வைத்துப் பாலை நம்ப முடியாது. இந்த நோய்க்குப் பட்டியில் கவனிக்க வேண்டிய அடையாளம், சினைக் கடைசியில் குட்டி வீசுவது, அதாவது கரு கலைந்து விழுவது. ஒன்றிரண்டு ஆடுகள் அடுத்தடுத்து வீசினால் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். ரத்த மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பாலை வைத்தே இந்த நோயைக் கண்டறிய மாட்டுப்பாலுக்குச் செய்யும் பால் வளையச் சோதனை ஆட்டுப்பாலுக்குச் சரிவராது. வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே கூடாது, நாய்க்கும் போடக்கூடாது. சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

மனிதர்களுக்கு வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி. டைபாய்டு என்றோ காசநோய் என்றோ மருத்துவம் பார்த்து மாதங்கள் ஓடிவிடும். ஆடு வளர்ப்பதையும் பச்சைப்பால் குடித்ததையும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சிகிச்சை இருக்கிறது. ஆனால் பொதுவாக ஆறு வாரமாவது மருந்து எடுக்க வேண்டும்.

வீட்டில் ஒரு கொதி வரும்வரை காய்ச்சினால் இந்தக் கிருமி செத்துவிடும். புரதமும் கால்சியமும் எங்கும் போய்விடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சிய ஆட்டுப்பாலும் வேண்டாம். அதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, ரத்தசோகை வரலாம். பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பலருக்கு இதுவும் ஒவ்வாது.

காய்ச்சினாலும் போகாத ஒன்று, மருந்தின் மிச்சம். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்ட ஆட்டின் பாலில் அது சில நாட்கள் இறங்கும். அந்தப் பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போகலாம். எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஊசி போடும்போதே கேட்டு, தேதியைப் பட்டிச் சுவரில் எழுதி வையுங்கள். அதுவரை கறக்கும் பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள்.