பின் பிரேக் கத்துவது ஏன்?

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரமாக நிற்கும் கார்களில் காலை நேரத்தில் ஒரு சத்தம் கேட்கும். வண்டியை எடுத்து பிரேக்கை லேசாகத் தொட்டதும் பின் சக்கரத்திலிருந்து 'கிறீச்'. நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் அடங்கிவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மின் வார்ப்பிரும்பில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதனால் மழையே இல்லாத இரவிலும் இரும்பு நனைந்து, மெல்லிய துரு பூக்கிறது. பிரேக் பிடிக்கும்போது லைனிங் என்ற உராய்வுப் பட்டை டிரம்மில் உரசியதும் அது போய்விடும்.

நாள் முழுக்கக் கத்தினால்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மிதியை அழுத்தினால் பிரேக் ஆயில் வீல் சிலிண்டருக்குள் போய், பிறை வடிவிலான இரண்டு ஷூக்களை வெளிப்பக்கம் தள்ளும். ஷூவில் ஒட்டியுள்ள லைனிங், சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரசும். இந்த உரசல் எப்போதும் சீராக நடப்பதில்லை. லைனிங் ஒரு கணம் டிரம்மைப் பற்றிக்கொண்டு அதோடு நகரும், இழுவை கூடியதும் வழுக்கும், மறுபடி பற்றும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி நடந்தால் ஷூவும் டிரம்மும் சேர்ந்து அதிரும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த எல்லைக்குள் விழும் சின்ன அதிர்வுகூடத் தெருவுக்கே கேட்கும்.

கரும்பலகையில் சாக்பீஸின் வால்பக்கத்தைப் பிடித்து எழுதினால் கிறீச்சிடும். விரலை நுனிக்கு நகர்த்தி இறுக்கிப் பிடித்தால் அடங்கும். பலகையும் சாக்பீஸும் அதேதான், பிடித்த விதம்தான் மாறியது. பிரேக்கிலும் முதலில் பார்க்க வேண்டியது லைனிங்கை அல்ல, ஷூ எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை.

ஷூவுக்குப் பின்னால் பேக் பிளேட் என்ற தகடு இருக்கிறது. ஒவ்வொரு ஷூவும் சாய்ந்து நகர அதில் வழக்கமாக மூன்று சின்ன மேடுகள் இருக்கும். அங்கே வைத்த கிரீஸ் காய்ந்து, உப்புக்காற்றில் துரு ஏறினால், ஷூவின் ஓரம் அந்த மேட்டை அரித்துக் குழியாக்கிவிடும். அப்புறம் ஷூ சிக்கிச் சிக்கித்தான் நகரும். டிரம்மைக் கழற்றினால் பளபளவென்று தேய்ந்த தடமும் அதைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடியும் தெரியும். அந்த மேடுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிசாகப் பூசினால், பல வண்டிகளில் சத்தம் அதோடு நின்றுவிடும். குழி ஆழமாகிவிட்டால் பிளேட்டையே மாற்றுவதுதான் நல்லது.

சாதாரண கிரீஸ் வேண்டாம், சூட்டில் உருகி லைனிங்கில் வடியும். சத்தம் அடங்க லைனிங்கில் எண்ணெய் விடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

மேடுகள் நன்றாக இருந்தால் லைனிங்கைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் முழுதும் இறங்காமல் ஓட்டினால் சூட்டில் அதன் முகம் கண்ணாடிபோல் ஆகிவிடும். உப்புத்தாளால் அந்தப் பளபளப்பை எடுத்து, முனைகளின் கூர்மையையும் கொஞ்சம் சாய்த்துத் தேய்க்கலாம். பின்னால் எடுக்கும்போது மட்டும் கத்துகிறதா? முன்னே போகும்போது சுழற்சியால் தானே டிரம்மோடு நெருங்கி அழுந்தும் ஷூ ஒன்று. ரிவர்ஸில் அந்த வேலை மற்ற ஷூவுக்கு மாறும். ஆகவே அந்த ஷூவையும் அதன் ஸ்பிரிங்கையும் கவனித்துப் பாருங்கள். லைனிங் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். சிலிண்டரைச் சரிசெய்து, இரண்டு பக்கத்து ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட் இருக்கிறது, உப்புத்தாள் செய்யவே பயன்படும் தாது அது. அந்த மணல் டிரம்முக்குள் போனால் கிறீச்சுக்குப் பதில் கரகரவென்று அரைக்கும், டிரம்மில் வளையமாகக் கோடு விழும். லேத் பட்டறையில் கடைந்து சமப்படுத்தலாம். ஆனால் டிரம்மிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது.

கழற்றும்போது முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் டிரம் வராது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம் போங்கள். ஸ்பிரிங் எப்படி மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குப் பொல்லாதது. ஈரத்துணியால் துடையுங்கள்.

கடலோரத்தில் பல நாள் வண்டியை நிறுத்திப் போடுகிறவர்கள், சமதளமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கலாம். துருவேறிய டிரம்மோடு லைனிங் ஒட்டிக்கொண்டால், வண்டியை எடுக்கும்போது அது ஷூவிலிருந்து பிய்ந்து வந்துவிடும்.