கார்பன் டை ஆக்சைடுதானே விடுகிறோம் என்று அலாரத்தை அணைக்காதீர்கள்

வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் பாதுகாப்புப் பொறுப்பைப் பார்க்கிறேன். போன வாரம் மறுபடியும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அணைத்து வைத்திருந்தார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் பையன், நல்ல உழைப்பாளி. "சார், நாங்க குடுவைக்குள்ள கார்பன் டை ஆக்சைடுதானே விடுறோம், மோனாக்சைடு எங்கிருந்து வரும்?" என்கிறான்.

அதிலிருந்துதான் வரும், தம்பி. நீ கையில் வைத்திருப்பது எலக்ட்ரான் ஏற்றிய டைபோராஆந்த்ரசீன், போரான் அணுக்கள் உள்ள வளைய மூலக்கூறு. வளையத்தில் இரண்டு போரான்கள் எதிரெதிரே இருக்கின்றன. முதல் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒட்டும். இரண்டாவது வந்ததும் ஓர் ஆக்சிஜன் கைமாறும். ஒன்று கார்பனேட் ஆகிவிடும், இன்னொன்று கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் வேதியியலாளர் மத்தியாஸ் வாக்னரின் குழு 2018-லேயே வெளியிட்ட வேலை இது. அதைப் படித்துவிட்டுத்தானே நாமே இந்தச் சோதனையில் இறங்கினோம்? அப்புறம் எப்படி "கார்பன் டை ஆக்சைடுதானே" என்று சொல்ல வருகிறது? குடுவைக்குள் சாதுவான வாயு போனது என்பதற்காக வெளியே வருவதும் சாதுவாக இருக்காது. போரான் வளையம் அதை வேறு வாயுவாக மாற்றத்தான் அங்கே இருக்கிறது.

ஒரு மில்லிமோல் மோனாக்சைடு வெளியே வந்தாலும் சுமார் 24 மில்லிலிட்டர் வாயுதான், அறைக் காற்றில் கரைந்துவிடும். சரி. ஆனால் நாளைக்கு அதே மேசையில் போரோல் என்ற இன்னொரு போரான் வளையச் சேர்மத்தின் வேலைக்காக மோனாக்சைடு சிலிண்டரே வந்து நிற்கும். இன்று அணைத்த அலாரத்தை அன்று யார் நினைவு வைத்துப் போடுவார்கள்?

கணவாய்க் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்று ஜன்னலைத் திறக்கிறார்கள். ஆடிக் காற்று குறுக்கே அடித்தால் ஃப்யூம் ஹுட் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடி அடைப்பு) உள்ளிழுக்கும் ஓட்டம் குலைந்து, வாயு உங்கள் முகத்துக்கே திரும்பும். ஜன்னலைச் சாத்துங்கள், ஹுட் கண்ணாடியை இறக்குங்கள். என்95 முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. மணம் வரும் என்று காத்திருக்காதீர்கள், மோனாக்சைடுக்கு மணமே இல்லை. சிலிண்டர் வால்வைத் திறக்குமுன் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். தனியாக ராத்திரியில் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

யாருக்காவது தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்றால் வேலையை அப்படியே விட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். ஆக்சிஜன் ஒட்டிய ஹீமோகுளோபினையும் மோனாக்சைடு ஒட்டியதையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மருத்துவமனையில் "கார்பன் மோனாக்சைடு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.