பிலாட்டீஸ்: தசைக்கு முன்னால் நரம்பு கற்றுக்கொள்கிறது

பிலாட்டீஸ் என்பது மேட்டை விரித்து, மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகுத் தசைகளைப் பழக்கும் உடற்பயிற்சி. அதை வீட்டில் ஆரம்பிக்கிறவர்களில் பல பேர் ஒரே மாதிரிதான் நிறுத்துகிறார்கள். முதல் நாள் ஆர்வத்தில் ஒரு மணி நேரம் செய்வார்கள், மறுநாள் தும்மினால்கூட வயிறு வலிக்கும். பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி உச்சத்துக்கு வருவதே ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் என்பதால், மூன்றாம் நாளும் அப்படியே கழியும். அப்புறம் மேட் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அளவுதான் தப்பு.

இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்பு முகாமில் இருந்தார், 1920களில் நியூயார்க் போய்ப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. பலம் பற்றிய பெயரே இல்லை பாருங்கள், கட்டுப்பாடு பற்றியது.

கட்டுப்பாடு என்றால் எதை? வயிற்றை ஒரு டப்பா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மூடி, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம், அடியில் இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகள், சுற்றிலும் பெல்ட் போல இறுகும் ட்ரான்ஸ்வர்சஸ் அப்டாமினிஸ் என்ற ஆழமான வயிற்றுத் தசை. நீங்கள் கையைத் தூக்கினால் முதலில் வேலை செய்வது கைத் தசை என்றுதானே நினைப்போம்? 1996இல் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தசைகளின் மின்சைகைகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். கை அசைவதற்கு முன்பே இந்த வயிற்றுப் பெல்ட் இறுகிவிடுகிறது. கீழ்முதுகு வலி உள்ளவர்களுக்கோ அது தாமதமாக இறுகியது. அந்தத் தாமதத்தால் வலி வந்ததா, வலியால் தாமதம் வந்ததா என்ற வாதம் இன்னும் முடியவில்லை, அது வேறு கதை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்பதை நரம்பு மண்டலம் முடிவு செய்கிறது, பயிற்சியால் அதைப் பழக்கலாம்.

எந்தப் பயிற்சியிலும் முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பிலிருந்துதான் வருகிறது. தசை பருப்பதற்கு முன்பே, இருக்கிற தசை நார்களை மூளை இன்னும் நன்றாகக் கூப்பிடக் கற்றுக்கொள்கிறது. இது சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரி ஒரு கற்றல். கற்றல் என்றால் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்வதும், நடுவில் தூங்குவதும் முக்கியம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் பத்து நிமிடம் மேல் என்கிறேன்.

சரி, தினமும் எப்படி வரும்? லண்டனில் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடு அளவாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டது. ஆளுக்கு ஆள் அது 18இலிருந்து 254 நாள் வரை போனது. ஆக, 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அங்கே எல்லோரும் தங்கள் புதுச் செயலை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு கோத்துக்கொண்டார்கள். பல் துலக்கிய கையோடு மேட்டை விரிப்பது அப்படிப்பட்ட ஒரு கோர்வைதான்.

வீட்டில் இருக்கிற உண்மையான சிக்கல், திருத்த ஆள் இல்லாதது. போனைப் பக்கத்தில் வைத்து வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்தால் கழுத்து திருகிப்போகும், ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் காதால் மட்டும் கேளுங்கள். 'ஹண்ட்ரட்' பயிற்சியில் மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டு, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்துக்கு விட்டு, பத்துச் சுற்றில் கையை நூறு முறை மேலும் கீழும் அசைப்பார்கள். புதியவர்கள் பாதியிலேயே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். டப்பாவின் மூடியே உதரவிதானம் என்பதால், மூச்சை அடக்கினால் மொத்த அமைப்பும் விறைத்துவிடும். கழுத்து வலித்தால் தலையைத் தரையிலேயே வைத்துச் செய்யலாம்.

இன்னொன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கீழ்முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வையுங்கள். மெதுவாக ஒரு காலைத் தூக்குங்கள். கையின் மேல் அழுத்தம் சட்டென்று கூடினாலோ குறைந்தாலோ முதுகு நகர்கிறது என்று அர்த்தம், காலை அவ்வளவு உயரம் தூக்க வேண்டாம். சில வாரம் கழித்து, கால் மேலே போகும்போதும் உள்ளங்கையில் எதுவும் மாறாது.