பகா எண்ணா, முதன்மை எண்ணா?

தமிழ்நாட்டுப் பாடநூலில் பகா எண். இலங்கைப் பாடநூலில் முதன்மை எண். இரண்டும் ஒன்றுதான்: 1-க்கு மேற்பட்ட முழு எண்ணாக இருந்து, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது. 2, 3, 5, 7 என்று முடிவில்லாமல் போகும்.

'முதன்மை' கிரேக்க வழி வந்தது. யூக்ளிட் இவற்றை 'ப்ரோட்டோஸ்', அதாவது முதலான எண்கள் என்றார். லத்தீனில் அது 'ப்ரீமுஸ்' ஆனது. இன்றைய 'பிரைம்' அதன் பேரன். 1-ஐத் தவிர மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கிச் சேர்த்தவை என்பதால், இலங்கையில் அவற்றுக்குச் சேர்த்தி எண் என்று பெயர். மூலத்தோடு ஒட்டிய, நல்ல மொழிபெயர்ப்பு.

ஆனாலும் எனக்குப் பகா எண்தான் பிடிக்கும். சொல்லே சோதனையையும் சொல்லிவிடுகிறது: பிரித்துப் பார், பிரியாது. 'பகாத' என்பதன் ஈறு கெட்டு 'பகா' ஆகியிருக்கிறது. இது கணக்குக்காகப் புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. நன்னூலின் பதவியலில் பகாப்பதம், பகுபதம் என்ற இணை இருக்கிறது. நிலம், நீர் போன்ற சொற்களைப் பிரித்தால் பொருள் தராது, அவை பகாப்பதம். எண்ணுக்கும் அதே இலக்கணம் அப்படியே பொருந்துகிறது.

அப்புறம், எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பகு எண். இது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் என மூன்று காலமும் அடங்குகிறதல்லவா, அதுபோல. இந்த முக்காலம் எவ்வளவு சரி என்பதற்கு ஒரு பெரிய எண்ணே சாட்சி.

147573952589676412927.

அறுபத்தேழு 2-களைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் 21 இலக்க எண் இது. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இதைப் பகா எண் என்று சேர்த்தார். அன்றைக்கு இதைச் சரிபார்க்க யாராலும் முடியவில்லை. 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா இது பகா எண் அல்ல என்று நிறுவினார். வியப்பு என்னவென்றால், காரணி ஒன்றைக்கூட அவர் கண்டுபிடிக்கவில்லை. பிரியும் என்பது தெரிந்துவிட்டது, எங்கே பிரியும் என்பது மட்டும் தெரியவில்லை! 'பகு' என்ற சொல்லும் அவ்வளவைத்தான் கேட்கிறது: பிரித்துக் காட்டியிருக்க வேண்டும் என்பதில்லை, பிரியக்கூடியதாக இருந்தால் போதும்.

1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையை வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு, அப்படியே போய் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். அவர் பெருக்கிய இரண்டு எண்கள்: 193707721, 761838257287. இரண்டும் பகா எண்கள்.