மலையில் ஓடிவந்த பதினோராம் நாள் காய்ச்சல்

பொள்ளாச்சியில் பொது மருத்துவராக இருக்கிறேன். ஆனைமலை எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு மேலே தேயிலைத் தோட்டம், சோலைக்காடு, புல்மேடு. மழை ஓய்ந்து குளிர் தொடங்கினால் மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். நானும் அவர்களில் ஒருவன். அதனால்தான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை, முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தார். ஆறு நாளாக 103 டிகிரி காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி. வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். டெங்கு இல்லை என்று முடிவு வந்ததும் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி, மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. பிளேட்லெட் 82,000-க்கு இறங்கியிருந்தது. கல்லீரல் என்சைம்கள் ஏறியிருந்தன.

மணிக்கட்டில் வாட்ச் கட்டும் இடம் மட்டும் வெளுத்திருந்தது. கெண்டைக்காலைப் பார்த்தாலே ஓடுகிறவர் என்று தெரிந்தது.

"கடைசியா எங்க ஓடுனீங்க தம்பி?"

"வால்பாறைப் பக்கம்ங்க டாக்டர். பதினேழு நாள் ஆச்சு."

"பூச்சி ஏதாச்சும் கடிச்சுதா?"

"அட்டைதாங்க ரெண்டு. வேற ஒண்ணுமே கடிக்கலைங்க."

படுக்கச் சொல்லி, அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். இடுப்பில் தண்ணீர்ப் பாட்டில் பெல்ட் இறுக்கிய தடத்தின் அடியில் இருந்தது அது. மிளகை விடக் கொஞ்சம் பெரிய கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டது போல இருக்கும், ஆனால் தொட்டால் வலிக்காது. வலிக்காததால் அவருக்கும் தெரியவில்லை, வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை.

ஸ்க்ரப் டைஃபஸ். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். ஆனால் மாட்டின் மேலும் நாயின் மேலும் கொழுத்துத் தொங்குகிற உண்ணி அல்ல இது. புதரிலும் புல்லிலும் வாழும் மிகச்சிறிய உண்ணி ஒன்றின் குஞ்சு, அதாவது லார்வா. ஒரு மில்லிமீட்டரில் கால்பங்குகூடத் தேறாது, கண்ணுக்குத் தட்டுப்படுவதே அரிது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா அதன் வழியாக நம் உடம்புக்குள் வருகிறது. அது கடித்த இடம்தான் அந்தக் கறுத்த பொருக்கு. கடித்த பிறகு 6 முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் நாம் மலையையே மறந்திருப்போம். காய்ச்சலையும் மலையையும் முடிச்சுப் போட நோயாளிக்கும் தோன்றாது, மருத்துவருக்கும் தோன்றாது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

நடக்கிறவரை விட ஓடுகிறவருக்கு ஏன் இதில் கூடுதல் கவனம் வேண்டும்? அரைக்கால் சட்டை, குட்டை சாக்ஸ். ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கப் புல்லையும் உரசிக்கொண்டே ஓட்டம். ஏற்றம் முடிந்ததும் மூச்சு வாங்கப் புல்லிலேயே மல்லாந்து படுப்போம். அப்புறம் அந்த ஈர உடுப்போடேயே இரண்டு மூன்று மணி நேரம் வண்டியில் வீடு திரும்புவோம். அந்தக் குஞ்சு உடம்பில் ஏறியதும் கடிப்பதில்லை. உடுப்பு இறுக்கும் இடத்தைத் தேடி ஊர்ந்து போய்த்தான் கடிக்கிறது. அதற்கு வேண்டிய நேரத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்.

இவர் குழு வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடுதான் போயிருக்கிறது. ஏறும்போது ஒழுங்காகப் பாதையில்தான் ஏறியிருக்கிறார்கள். இறங்கும்போது நேரம் மிச்சம் பிடிக்க, வழிகாட்டி முன்னால் போய்விட்ட இடத்தில், இவரும் இன்னொருவரும் ஒரு வளைவைக் குறுக்கே வெட்டி, லண்டானா என்கிற உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து இறங்கியிருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. காடும் வெட்டவெளியும் சேரும் விளிம்பில், புதரும் புல்லும் மண்டிய இடத்தில், எலிகள் நடமாடும் இடத்தில்தான் இந்த உண்ணி அதிகம். குறுக்குவழி என்றால் பெரும்பாலும் அதுதான். அந்தத் தடம் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். புதருக்குள் படுத்திருக்கும் காட்டுமாட்டுக்கோ கரடிக்கோ நாம் ஓடி வருவது கடைசி நொடியில்தான் தெரியும். 2018-இல் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை நாற்பது வழித்தடங்களை முறைப்படி திறந்தது. பாதையை விட்டு விலகாதீர்கள் என்று வனத்துறையினர் சொல்வது காட்டுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், அது உங்கள் தோலுக்காகவும்தான்.

ஓடப் போகும்போது முழுக்கால் உடுப்பும் நீள சாக்ஸும் போடுங்கள். பூச்சி விரட்டி மருந்தைக் கணுக்காலிலும் இடுப்பிலும் தடவுங்கள். உட்கார வேண்டுமென்றால் பாறையில் உட்காருங்கள், ஈர உடுப்பைப் புதர் மேல் காயப்போடாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், ஓடி முடித்ததும் உடுப்பை மாற்றுவது. வண்டி ஏறும் முன்பே மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். போட்டிருந்ததை வெந்நீரில் துவையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "நான் காட்டில் ஓடிவிட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். வழக்கமாகப் போடும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை ஊசிகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், அசித்ரோமைசின் கேட்கும். இரண்டும் விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் மருந்துகள். நீங்களாகவே கடையில் வாங்கிப் போடாதீர்கள், கர்ப்பிணிகளுக்கு மருந்துத் தேர்வே வேறு. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி ஐசியு வரை போகும். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பதே ஒன்றை மட்டும் கொடுப்பதை விட நல்லது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது. ஆனால் தொடக்கத்திலேயே வந்தால் மாத்திரையே போதும். இன்னொன்று, காய்ச்சலோடு ஓடவே ஓடாதீர்கள். வியர்த்தால் இறங்கிவிடும் என்று ஓடிவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நோய் இதயத் தசையையும் தொடக்கூடியது.

அவரை அன்றிரவே அனுமதித்தேன். மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு எனக்கு ஒரு போன் வந்தது. அன்றைக்கு அவரோடு குறுக்கே இறங்கிய இன்னொருவர். நேற்றிலிருந்து காய்ச்சல், கண்ணாடி முன்னால் நின்று பார்த்ததில் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ கறுப்பாக இருக்கிறது என்றார். மறுநாள் காலை வந்தார், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தார், மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.